பத்து மணிக்கு ஒரு கிண்ணம் கௌபி

"ரீச்சர், காலை பத்து மணிக்கு என்ன சாப்பிடுவீர்கள்?"

கிளினிக்கில் என் இடுப்பைச் சுற்றி அளவுநாடாவைப் பிடித்தபடியே அந்தத் தாதி கேட்டார். காலையில் என்ன, மதியம் என்ன, இரவில் என்ன என்று கேட்டவர்கள் உண்டு. பத்து மணியைப் பற்றி அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. "தேநீரும் நாலைந்து பிஸ்கற்றும்" என்றேன். நாலு மணிக்கு? தேநீரும் வடையும், வடை கிடைக்காத நாளில் றோல்ஸ். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால்? பிட்டு அவியும்வரை பசி பொறுக்காது, தேநீரில் தோய்த்து ஒரு துண்டுப் பாண். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் எழுதிக்கொண்டே போனார்.

நாடா 94 சென்ரிமீற்றர் காட்டியது. தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும்தான் எல்லை. நிறை 72 கிலோ, உயரம் 156 சென்ரிமீற்றர். கணக்குப் பார்த்தால் உடற்திணிவுச் சுட்டி 29.6. ஆசியர்களுக்கு இந்தச் சுட்டி 23ஐத் தாண்டும்போதே ஆபத்துக் கூடத் தொடங்குகிறது, 27.5க்கு மேல் அது மிக அதிகம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் வகுத்தது. ஒரே சுட்டியுள்ள ஐரோப்பியரையும் நம்மவரையும் பக்கத்தில் நிறுத்தினால், நம்மவரின் உடலில்தான் கொழுப்பு அதிகம். அதுவும் வயிற்றைச் சுற்றியே சேரும். வெறுவயிற்றில் எடுத்த இரத்தத்தில் சீனி 114. "நீரிழிவு என்று உங்கள் அட்டையில் இன்னும் எழுதவில்லை. எழுதாமல் பார்த்துக்கொள்ளலாம்" என்றார்.

கையில் ஒரு தாள் தந்தார்கள். அதன் முதல் வரி: உணவின் அளவைக் குறையுங்கள். முள்ளியவளைக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சரியான அறிவுரைதான். ஆனால் எங்கள் வீட்டுப் படலையைத் தாண்டி உள்ளே வர முடியாத அறிவுரை அது.

அம்மாவுக்கு இப்போது 76 வயது. 2009இல் யுத்தத்தின் கடைசி மாதங்களில், மாத்தளனிலும் பிறகு முள்ளிவாய்க்காலிலும், கஞ்சி வாங்கும் வரிசையில் எனக்காகவும் சேர்த்து நின்றவர். அப்போது நான் பிள்ளைத்தாய்ச்சி. உப்புத் தண்ணீரில் எண்ணிவிடக்கூடிய அளவு பருக்கைகள் மிதக்கும். "நான் அங்கேயே குடித்துவிட்டேன், நீ குடி" என்று சொல்லி என் கையில் தருவார். குடிக்கவில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். செட்டிகுளம் முகாமுக்கு வந்து, ஆடி மாதத்தில் மகன் பிறந்தான். அந்த முகாமில் யாரோ வெறுமையாக விட்டுப்போன ஒரு பிஸ்கற் தகரத்தை அம்மா எடுத்துக் கழுவி வைத்துக்கொண்டார். நிவாரணத்தில் கிடைத்த சீனியைக் கொடுத்து மாற்றி, அதற்குள் முதன்முதலாகப் பிஸ்கற் போட்டார். அன்றிலிருந்து இன்றுவரை அந்தத் தகரம் வெறுமையாக இருந்ததை நான் பார்த்ததில்லை. மூடியின் படம் தேய்ந்து வெள்ளித் தகடாகிவிட்டது. வீட்டுக்கு வருபவர் மீற்றர் வாசிக்க வந்தவராக இருந்தாலும், அதைத் திறந்து நீட்டாமல் அனுப்ப மாட்டார். நான் பாடசாலைக்குப் புறப்படும்போது, "வயிற்றைக் காயப்போடாதே பிள்ளை" என்று சொல்லிப் பையில் ஒரு பொதி வைப்பார்.

அப்படிப்பட்டவரிடம் போய், நான் இனிக் குறைத்துச் சாப்பிடப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது?

எனக்குள்ளும் அந்தப் பயம் இருக்கிறது. இதற்கு முன் இரண்டு முறை இரவுச் சாப்பாட்டை விட்டுப் பார்த்தேன். முதல் மாதத்தில் மூன்று கிலோ குறையும். பிறகு ஒரு நாள் வெறும் வயிற்றில் படுத்திருக்கும்போது நெஞ்சு படபடக்கும். அது பசியால் வந்ததா, பழைய நினைவால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. எழுந்து போய் அந்தத் தகரத்தைத் திறப்பேன். குறைந்த மூன்று கிலோ நாலாகத் திரும்பி வரும். பட்டினி கிடந்து குறைக்கும் நிறையில் கணிசமான பங்கு தசை. திரும்பி வருவதோ பெரும்பாலும் கொழுப்பு. ஆக, ஒவ்வொரு முறையும் முன்பைவிட மோசமான உடம்போடுதான் தொடங்கிய இடத்துக்கு வந்து சேர்கிறோம். நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்கு, மாதவிடாய் நிற்கும் காலம் நெருங்கும்போது, தசையை இழப்பது சிறிய விடயமில்லை. முழங்காலைத் தாங்குவதும், உண்ட மாச்சத்தைச் செலவழித்து இரத்தத்தில் சீனியைக் கட்டுக்குள் வைப்பதும் அந்தத் தசைதான்.

அடுத்த கிளினிக்கில் இதையெல்லாம் அந்தத் தாதியிடம் சொன்னேன். சொல்லும்போது குரல் தடுமாறியது. அவரும் இந்த மண்ணின் பிள்ளை, விளக்கம் கேட்கவில்லை. "அப்படியென்றால் குறைக்க வேண்டாம் ரீச்சர். பத்து மணியையும் நாலு மணியையும் மாற்றுங்கள். மற்றதைப் பிறகு பார்ப்போம்" என்றார். என்னுடைய பத்து மாதக் கதை அந்த மூன்று வசனங்களிலிருந்து தொடங்குகிறது.

முதல் வாரம் ஒன்றையும் மாற்றாமல் ஒரு அப்பியாசக் கொப்பியில் எழுதினேன். வாய்க்குள் போன எல்லாவற்றையும் எழுதி, ஒவ்வொன்றிலும் எவ்வளவு புரதம் என்று பக்கத்தில் குறித்தேன். காலையில் நூறு கிராம் பாணும் சம்பலும்: ஒன்பது கிராம். பத்து மணிப் பிஸ்கற்: நாலு. மதியம் பெரிய சோற்றுக் குவியலில் ஒன்பது, தண்ணீராய்க் கரைந்த பருப்பில் நாலு, குழம்பில் கிடந்த சிறிய மீன் துண்டில் எட்டு. வடையில் நாலு, இரவுப் பிட்டில் ஏழு. கூட்டினால் 45 கிராம். ஒரு கிலோ உடல் நிறைக்கு 0.8 கிராம் என்ற அடிப்படைக் கணக்கில் பார்த்தாலும் எனக்கு 58 கிராம் வேண்டும். நிறையைக் குறைக்க முயல்பவர்களுக்கு, தசை கரையாமல் இருக்க அதைவிடச் சற்றுக் கூடுதலாக, ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை பரிந்துரைக்கிறார்கள். வயிறு முட்ட உண்டு 72 கிலோவில் நின்ற நான், புரதக் கணக்கில் பட்டினியாக இருந்திருக்கிறேன். கொப்பியில் அந்தக் கூட்டுத்தொகையைப் பார்த்தபோது சற்று நேரம் பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

தேநீரையும் எண்ணினேன். நாளுக்கு நாலு கோப்பை, கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி சீனி; மொத்தம் ஐம்பது கிராமுக்குக் குறையாது. இரண்டாயிரம் கலோரி உண்பவருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் மேல் எல்லையே அதுதான். 25 கிராமுக்குள் நிறுத்துவது இன்னும் நல்லது என்றும் அது சொல்கிறது. எல்லை முழுவதையும் நான் தேநீரிலேயே குடித்து முடித்திருந்தேன். பிஸ்கற்றில் உள்ள சீனி அதற்கு மேல்.

ஏன் வயிறு நிறைந்தும் பசி அடங்குவதில்லை என்பதற்கு எனக்குக் கிடைத்த மிகத் தெளிவான விளக்கம் வெட்டுக்கிளிகளிடமிருந்து வந்தது. ஸ்டீபன் சிம்ப்சன், டேவிட் ரௌபன்ஹைமர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் வெட்டுக்கிளிகளுக்குப் புரதமும் மாச்சத்தும் வெவ்வேறு விகிதத்தில் கலந்த உணவுகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். புரதம் குறைந்த உணவு கிடைத்த வெட்டுக்கிளி, தனக்கு வேண்டிய புரதம் சேரும்வரை தின்றுகொண்டே இருந்தது. அதனால் மாச்சத்து அளவுக்கு மிஞ்சி உள்ளே போய்க் கொழுத்தது. மனிதரிலும் இதுதான் நடக்கிறதோ என்ற கருத்தை 2005இல் அவர்கள் முன்வைத்தார்கள். தட்டில் புரதத்தின் பங்கு குறையக் குறைய, அதைத் தேடி உடம்பு மற்றதையெல்லாம் அதிகமாக உண்ண வைக்கிறது. மனிதரின் நிறை கூடுவதற்கு இது ஒன்றுதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பிட்டு அவியும்வரை பொறுக்க முடியாமல் நான் பாண் துண்டைத் தேடியதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்கு வேண்டியதில்லை. அது பேராசை இல்லை. உடம்பு கேட்டது ஒன்று, நான் கொடுத்தது வேறொன்று.

புரதம் வயிற்றில் அதிக நேரம் தங்கும். பசி அடங்கிவிட்டது என்று மூளைக்குச் சொல்லும் ஓமோன்களைக் குடலில் அது கூடுதலாகச் சுரக்கச் செய்கிறது. அதைச் சமிக்கச் செய்வதற்கே அதன் கலோரியில் 20 முதல் 30 வீதம் வரை செலவாகிறது. மாச்சத்துக்கு அந்தச் செலவு 5 முதல் 10 வீதம்தான்.

சரி, பத்து மணிக்கு என்ன? சந்தையில் தகரப் போத்தல்களில் புரதத் தூள் விற்கிறார்கள். எங்கள் பாடசாலையின் இளம் ஆசிரியர் ஒருவர் அதை வாங்கிக் குடித்துவிட்டு எனக்கும் பரிந்துரைத்தார். அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது, முற்றத்தில் என் கணவர் கௌபி மூட்டையை வியாபாரியின் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அந்தக் காட்சியை நான் மறக்க விரும்பவில்லை. எங்கள் மேட்டு நிலத்தில் நாங்களே விதைத்து, களை பிடுங்கி, காய் பறித்து, அடித்துப் புடைத்த கௌபி. நூறு கிராமில் 23, 24 கிராம் புரதம் உள்ள தானியம். அதை விற்ற காசில் கடையில் பிஸ்கற் வாங்கி வருகிறோம். வன்னி முழுவதும் இதுதான் நடக்கிறது. விசுவமடு, புதுக்குடியிருப்புப் பக்கத்துக் கச்சானும், மேட்டுக் காணிகளின் உழுந்தும் பயறும், நந்திக்கடலின் இறாலும், குளத்து மீனும் வண்டியேறிப் போகின்றன. வரும் வண்டியில் கோதுமை மாவும் சீனியும் வருகின்றன. விவசாயிக்குக் காசு வேண்டும், அதில் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் விளைந்ததில் ஒரு மரைக்காலாவது வீட்டுக்கென்று ஒதுக்கிய வழக்கம் எங்கே போனது என்று அன்று இரவு கணவரிடம் கேட்டேன். அடுத்த மூட்டையில் பத்துக் கிலோ வீட்டில் தங்கியது.

கௌபி அவிப்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலர் அதைக் கெடுத்துவிடுகிறார்கள். இரவு ஒன்பது மணிக்கு ஊறப்போட வேண்டும். காலையில் அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவிக்க வேண்டும். அப்படிச் செய்தால் வயிறு ஊதாது. உப்பைத் தொடக்கத்தில் போட மாட்டேன். முக்கால்வாசி வெந்ததும் ஒரு மணியை எடுத்து விரலிடையே அழுத்திப் பார்ப்பேன். தோல் வழுகி, உள்ளே மாவாக நசிய வேண்டும்; ஆனால் சட்டியில் முழுதாக நிற்க வேண்டும். அந்த நிலைக்கும் குழைந்துபோகும் நிலைக்கும் இடையில் ஐந்து நிமிடம்கூட இல்லை. வடித்த தண்ணீர் செம்மண் நிறத்தில் இருக்கும். பிறகு ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை. வெங்காயம் கண்ணாடிபோல் ஆகும்போது கௌபியைக் கொட்டி ஒரு கிளறு. இறக்கியபின் ஒரு மேசைக்கரண்டி தேங்காய்ப்பூ, கூடினால் இரண்டு. தேசிக்காய்ப் புளியைச் சாப்பிடும் நேரத்தில்தான் பிழிவேன், முன்கூட்டிப் பிழிந்தால் பத்து மணிக்குள் கசந்துவிடும்.

ஐம்பது கிராம் உலர்ந்த கௌபி அவிந்தால் ஒரு நல்ல கிண்ணம் வரும். அதில் ஏறத்தாழ 170 கலோரி, 12 கிராம் புரதம், நார்ச்சத்து 5 கிராம். முன்பு நான் தின்ற ஐந்து கிறீம் கிறாக்கரிலும் கிட்டத்தட்ட அதே கலோரிதான், புரதமோ நாலு கிராம். இந்த ஒப்பீட்டைத்தான் அம்மாவிடம் சொன்னேன். குறைக்கவில்லை அம்மா, அதே அளவுதான் சாப்பிடுகிறேன், ஆனால் இது வயிற்றில் நிற்கும். அவர் கிண்ணத்தைக் கையில் வாங்கி அதன் பாரத்தைப் பார்த்தார். பிஸ்கற் பொதியைவிட அது பாரமாகத்தான் இருந்தது. மறுநாளிலிருந்து கௌபி ஊறப்போடுவது அவர் வேலையாகிவிட்டது.

முதல் வாரத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. மதியம் வீட்டுக்கு வரும்போது கை நடுங்குவதில்லை. சோற்றை அளந்து போடுங்கள் என்று யாரும் சொல்லாமலே இரண்டாவது முறை கேட்பது நின்றது.

ஒவ்வொரு நாளும் கௌபி என்றால் சலிக்கும். முளைகட்டிய பயறு, கடலை, சில நாட்களில் ஊர்க்கோழி முட்டை ஒன்று. முட்டையைப் பற்றிய பயம் எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் இன்னும் போகவில்லை; சுகதேகிகளுக்கு நாளுக்கு ஒரு முட்டை கெடுதல் இல்லை என்பதைப் பெரிய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கொலஸ்ரரோலும் நீரிழிவும் ஏற்கனவே உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுக்கொள்ளலாம்.

நாலு மணிக்குக் கச்சான். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய்விட்டுக் கச்சான் வாங்காமல் திரும்பியவர் எங்கள் பகுதியில் இல்லை. வைகாசி இரவில் பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் குவிந்திருந்த கச்சானும், சூட்டு மணலின் மணமும், சரை கட்டித் தரும் ஆச்சிமாரின் கைவேகமும் என் சிறுவயதோடு ஒட்டியவை. அந்தக் கச்சானில் நூறு கிராமுக்கு 25 கிராம் புரதம் இருக்கிறது என்பதைத் திருவிழாப் பண்டமாக மட்டுமே பார்த்த நாங்கள் கவனிக்கவில்லை. ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. கச்சானில் பாதி எண்ணெய். நூறு கிராமில் 560 கலோரிக்கு மேல். உரித்த பருப்பு ஒரு கைப்பிடி, அதாவது முப்பது கிராம், போதும். அதில் ஏழு கிராம் புரதம். நான் கோதுடன் வாங்கி, ஒவ்வொன்றாக உரித்தே சாப்பிடுகிறேன். உரிக்கும் நேரமே அளவைக் கட்டுப்படுத்திவிடும். பூஞ்சணம் பிடித்த, சுருங்கிய, கசக்கும் பருப்பை விழுங்கவே கூடாது. ஈரத்தில் கெட்ட கச்சானில் வளரும் பூஞ்சை அபிளாரொக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. அது ஈரலைப் பாதிக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது. மழையில் நனைந்த கச்சானை மலிவாக விற்கும்போது வாங்கிவிடாதீர்கள். சீனிப்பாகு ஊற்றிய கச்சான் அல்வா வேறு கணக்கு. அதைத் திருவிழாவுக்கு விட்டுவிட்டேன்.

மதியத் தட்டில் மீன் துண்டு பெரிதானது. எங்கள் ஊரில் கடல்மீன் சாப்பிடுபவர்கள் குளத்து மீனைத் தாழ்வாகப் பார்ப்பார்கள், சேறு மணக்கும் என்பார்கள். முத்தையன்கட்டிலும் தண்ணிமுறிப்பிலும் பிடிபடும் ஜப்பான் மீன், அதாவது திலாப்பியா, 1950களில் இலங்கையின் குளங்களில் விடப்பட்டது. நம் உள்ளூர் ஏழைகளின் புரதம் அன்றிலிருந்து பெருமளவுக்கு அதுதான். நூறு கிராமில் 20 கிராம் புரதம், நூறு கலோரிக்கும் குறைவு. மஞ்சளும் உப்பும் தேசிப்புளியும் பூசி அரை மணி நேரம் வைத்துக் கழுவினால் சேற்று மணம் போய்விடும். கருவாட்டிலும் நெத்தலியிலும் புரதம் மிக அதிகம்தான், ஆனால் உப்பும் அப்படியே. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஊறவைத்துக் கழுவி, அளவாக உண்ண வேண்டும். இரவில் பசித்தால் ஒரு சிறு கிண்ணம் எருமைத் தயிர், சீனி இல்லாமல். சீனி இல்லாத தயிருக்கு நாக்குப் பழக மூன்று வாரம் எடுத்தது. தேநீர்ச் சீனியைக் கால் கரண்டி கால் கரண்டியாக இறக்கி, இப்போது அரைக் கரண்டியில் நிற்கிறேன்.

இதைப் படிக்கும் வவுனியாப் பக்கத்து உறவுகளுக்கும், வன்னியின் தென் எல்லைக் கிராமங்களில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இது என் மனதில் பாரமாகக் கிடக்கும் விடயம். காரணம் இன்னும் சரிவரத் தெரியாத சிறுநீரக நோய் வடமத்திய மாகாணத்தோடு நிற்காமல் வவுனியாவிலும் எத்தனையோ விவசாயக் குடும்பங்களைப் பிடித்திருக்கிறது. சிறுநீரகம் பழுதடையத் தொடங்கியவருக்கு அதிக புரதம் ஆகாது. அவருடைய அளவை வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். அந்த நோய் முதற்கட்டத்தில் எந்த அறிகுறியும் காட்டாது. ஆகவே என்னைப் பார்த்து எவரும் நாளையே நாலு முட்டை உண்ணத் தொடங்கிவிடாதீர்கள். முதலில் கிளினிக்குக்குப் போய், சிறுநீரகத்தின் நிலையை அறியச் சிறுநீரில் அல்பமினும் இரத்தத்தில் கிரியற்றினினும் பாருங்கள். நான் பார்த்த பிறகுதான் தொடங்கினேன்.

பத்து மாதத்தில் 72 கிலோ 65.5 ஆனது. இடுப்பு 94இலிருந்து 86. வெறுவயிற்றுச் சீனி 99. நடக்கவும் செய்தேன்; மாலையில் பாடசாலையிலிருந்து வீட்டுக்கு இரண்டரைக் கிலோமீற்றர். அமெரிக்காவில் நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்களை வைத்துச் செய்து 2002இல் வெளியிட்ட பெரிய ஆய்வொன்றில், ஏழு வீத நிறைக் குறைப்பையும் வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சியையும் இலக்காக வைத்தவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 58 வீதம் குறைந்தது. ஏழு வீதம் என்றால் எனக்கு ஐந்து கிலோ. மெலிந்த பெண்ணாக மாறத் தேவையில்லை என்பதை அந்த எண் எனக்குச் சொன்னது. நான் இன்னும் பருத்தவள்தான். ஆனால் படியேறும்போது முழங்கால் முனகுவதில்லை.

மகனைப் பற்றி எழுதத் தயங்கினேன். 1944ஆம் ஆண்டின் கடைசியிலிருந்து 1945 வரை நெதர்லாந்தில் யுத்தத்தால் வந்த பஞ்சத்தின்போது தாயின் வயிற்றில் இருந்த பிள்ளைகளை ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். ஐம்பது வயதளவில் அவர்களின் உடம்பு குளுக்கோசைக் கையாளும் திறன் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. கருவில் பட்டினி கண்ட உடம்பு, பின்னால் வரும் நிறைவைத் தாங்கச் சிரமப்படுகிறது. இதை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் மகன் வயிற்றில் இருந்தபோது நான் குடித்தது உப்புக் கஞ்சி. அவனுக்கு இப்போது 16 வயது, உயரமாக, ஓடியாடும் பிள்ளையாக இருக்கிறான். விதி எழுதப்பட்டுவிட்டது என்று நான் நம்பவில்லை. ஆனால் அந்த மாதங்களில் வன்னியில் கருவில் இருந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் நாங்கள் இப்போது கடன்பட்டிருக்கிறோம் என்று நினைக்கிறேன். சோடாப் போத்தலையும் பொதி செய்த மிக்சரையும் அன்பின் அடையாளமாக அவர்கள் கையில் கொடுத்துக்கொண்டே இருக்க முடியாது.

பாடசாலைச் சிற்றுண்டிச்சாலை நடத்தும் அக்காவிடம் பேசினேன். "பிள்ளைகள் வாங்க மாட்டார்கள் ரீச்சர், மிஞ்சினால் எனக்குத்தான் நட்டம்" என்றார். அவர் கவலை நியாயமானது. செவ்வாயும் வியாழனும் மட்டும் இரண்டு கிலோ கடலை தாளிப்பது, மிஞ்சினால் ஆசிரியர்கள் நாங்கள் வாங்கிக்கொள்வது என்று பேசி முடித்தோம். முதல் வாரம் பாதி எங்கள் கைக்கு வந்தது. நாலாவது வாரம் தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் கூடுதலாகப் போட்டு, கடதாசிச் சரையில் கட்டிக் கொடுத்தார். அன்று இடைவேளை முடிவதற்குள் அண்டா காலி. இப்போது கௌபிக்கும் ஒரு நாள் கேட்கிறார்.

போன ஞாயிறு, பக்கத்து வளவுத் தம்பி மண்வெட்டி இரவல் கேட்டு வந்தான். அம்மா வழக்கம்போல உள்ளே போய்த் தகரத்தைக் கொண்டுவந்து நீட்டினார். அவன் கைவிட்டு எடுத்தது மணலில் வறுத்த கச்சான். எப்போது மாற்றினார், நான் கேட்கவில்லை. "நல்லாய்ச் சாப்பிடு தம்பி, இன்னும் இருக்கிறது" என்று தகரத்தை அவன் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, உரித்த கோதைப் போடச் சுளகு எடுத்துவரப் போனார்.